ஆரஞ்சு நிறத்தில் வளர்ந்த கிருமி

காசநோய்க் கல்ச்சர் ஆய்வகத்தில் வேலைக்குச் சேருகிறவர்கள் முதலில் பழகுவது நிறங்களுக்குத்தான். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவிக் காயவைத்து, கார்பால் ஃபக்சின் சாயத்தை ஊற்றி, அடியில் தீ காட்டி ஆவி பறக்கவிடுவோம். பிறகு 25 சதவீதக் கந்தக அமிலத்தால் கழுவுவோம். மற்ற கிருமிகள் சாயத்தை இழந்துவிடும். மைக்கோபாக்டீரியாவின் மெழுகு உறை மட்டும் அதை விடாது. மெத்திலீன் நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் கோல்களாக அவை தெரியும். ராபர்ட் கோக் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து சொன்ன அடுத்த ஓரிரு ஆண்டுகளுக்குள் சீல், நீல்சன் என்ற இரு ஜெர்மானியர்கள் செப்பனிட்ட முறை இது. ஒளிரும் சாயமும் எல்.இ.டி. மைக்ராஸ்கோப்பும் வந்த பிறகும் அடிப்படை மாறவில்லை.

சிவப்புக் கோலைக் கண்டதும் 'ஏ.எஃப்.பி. பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் எழுதுகிறோம். அமிலத்துக்குச் சாயம் விடாத கிருமி சளியில் இருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். நம் நாட்டில் காசநோய் பரவியிருக்கும் அளவுக்கு, மருத்துவர் அதைக் காசநோய் என்றே எடுத்துக்கொள்கிறார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அது சரியாக இல்லாமல் போன மனிதர்களைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

மைக்கோபாக்டீரியம் என்ற பேரினத்தில் 190-க்கும் மேற்பட்ட இனங்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. காசநோயையும் தொழுநோயையும் தரும் சிலவற்றை விலக்கிவிட்டால், மற்றவை மண்ணிலும் நீரிலும் தூசியிலும் தம் பாட்டுக்கு வாழ்பவை. எங்கள் புழக்கத்தில் இவை 'என்.டி.எம்.', காசநோய் சாராத மைக்கோபாக்டீரியா. குழாயைத் திறக்கும்போதும் தொட்டி மண்ணைக் கிளறும்போதும் நாம் எல்லோரும் இவற்றைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். எச்.ஐ.வி. முற்றியவர்களுக்கும், பழைய காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர்களுக்கும் இவை நோய் தரும் என்பது வெகுகாலமாகத் தெரிந்ததே. சர்க்கரை இல்லை, பீடி சிகரெட் இல்லை, எச்.ஐ.வி. இல்லை, இதற்கு முன் நெஞ்சில் எந்தக் கோளாறும் இல்லை என்கிற ஒருவருடைய நுரையீரலில் இவை குடியேறும்போதுதான் வீட்டாரும் மருத்துவரும் சேர்ந்து திகைக்கிறார்கள்.

நான் தொழில் கற்ற காலத்தில் கிருமி வளர்க்கும் ஊடகத்தை நாங்களே செய்துகொண்டோம். லோவன்ஸ்டைன்-ஜென்சன், சுருக்கமாக எல்.ஜே. அதற்கு நிறைய முட்டை வேண்டும். முட்டைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சுத்தமான கையால் உடைத்து, அடித்து, துணியில் வடிகட்டி, உப்புக் கரைசலும் கிளிசராலும் மாலக்கைட் பச்சையும் சேர்ப்போம். சிறு புட்டிகளில் ஊற்றிச் சாய்த்துவைத்து, 85 டிகிரியில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தால் இளம்பச்சைச் சரிவுகள் கிடைக்கும். காரத்தில் சுத்தம் செய்து, சுழற்றி அடியில் இறக்கிய சளியை அந்தச் சரிவில் இட்டு 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்துவிட்டால், அப்புறம் வாரக்கணக்கில் காத்திருப்புதான். காசநோய்க் கிருமி அவசரப்படாது. மூன்று வாரம் ஆகும், ஆறு வாரமும் ஆகும். வரும்போது ரொட்டித் தூளைத் தூவியதுபோல் சொரசொரப்பாக, மங்கிய வெள்ளையில் வரும். ஒருமுறை கண்ணில் பதிந்துவிட்டால் மறக்காது.

அதனால்தான் வேறு மாதிரி வளர்ந்ததும் கை தயங்குகிறது. வழவழப்பான திட்டு, மஞ்சள், ஆரஞ்சு, ஒரே வாரத்துக்குள் சரிவை மூடிவிடும் வளர்ச்சி. இவற்றை ஒழுங்குபடுத்தியவர் எர்னஸ்ட் ரன்யன் என்ற அமெரிக்கர். 1959-இல் அவர் நான்கு குழுக்களாகப் பிரித்தார்: வெளிச்சம் பட்டால் நிறம் கொள்பவை, இருட்டிலும் நிறம் கொள்பவை, நிறமே கொள்ளாதவை, வேகமாக வளர்பவை. ஜீன் வரிசை படிக்கும் இந்தக் காலத்தில் அந்தப் பிரிவு பழையதாகிவிட்டது என்பார்கள். என்னைப் பொறுத்தவரை, புட்டியைக் கையில் எடுத்தவுடன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் முதல் வழிகாட்டி இன்னும் அதுதான்.

இந்தக் கிருமிகளோடு தமிழ்நாட்டுக்கு ஒரு தனி உறவு உண்டு. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் பலனை அளக்கப் பிரம்மாண்டமான ஓர் ஆய்வு தொடங்கியது. இரண்டே முக்கால் லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சேர்க்கப்பட்டார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று 1979-இல் முடிவு வெளிவந்தபோது உலகமே அதிர்ந்தது. ஏன் தடுக்கவில்லை என்ற கேள்விக்கு முன்வைக்கப்பட்ட விளக்கங்களில் முக்கியமானது, அந்த மக்கள் பிறந்தது முதலே மண்ணிலும் நீரிலும் உள்ள மைக்கோபாக்டீரியாவோடு பழகிவிட்டவர்கள் என்பது. அதைத் தொடர்ந்து அந்தப் பகுதியின் மண்ணையும் நீரையும் தூசியையும் மக்களின் சளியையும் சென்னையின் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் கல்ச்சர் செய்து பார்த்தார்கள். நான்கிலும் இக்கிருமிகள் இருந்தன. ஆக, ஒருவர் சளியில் என்.டி.எம். வளர்ந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து அவருக்கு நோய் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் தொழிலின் சிரமம் முழுவதும் இந்த இடத்தில் இருக்கிறது. நோய் இல்லாதவருக்கு ஒன்றரை வருட மருந்தைக் கட்டிவிடக் கூடாது. நோய் உள்ளவரைத் 'தண்ணீரில் வந்த மாசு' என்று அனுப்பிவிடவும் கூடாது.

இதற்காக அமெரிக்க மார்பு மருத்துவ சங்கமும் தொற்றுநோய் சங்கமும் 2007-இல் ஒரு அளவுகோல் வகுத்தன. 2020-இல் ஐரோப்பிய சங்கங்களும் சேர்ந்து அதையே உறுதிசெய்தன. நோயாளிக்கு இருமல், சளி, இளைப்பு போன்ற தொல்லை இருக்க வேண்டும். எக்ஸ்ரேயில் குழியோ, சி.டி. ஸ்கேனில் விரிந்த மூச்சுக்குழாயும் சிறு முடிச்சுகளும் சேர்ந்தோ தெரிய வேண்டும். தனித்தனியாக எடுத்த குறைந்தது இரண்டு சளியில் ஒரே இனம் வளர வேண்டும். அல்லது பிராங்கோஸ்கோப் மூலம் கழுவி எடுத்த நீரில் ஒருமுறையாவது வளர வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் நோய்.

ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை நினைவுக்கு வருகிறார். உயரமானவர், ஒல்லி, முதுகு லேசாக ஒரு பக்கம் வளைந்திருக்கும். இரண்டு வருட இருமல். சளியில் சிவப்புக் கோல் தெரிந்ததால் ஆறு மாதம் காசநோய் மருந்து சாப்பிட்டார், ஒரு வேளை தவறாமல். இருமல் நிற்கவில்லை, கோலும் மறையவில்லை. 'மருந்தை ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டீங்க' என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டு இரண்டாம் சுற்றுத் தொடங்கும் நிலையில்தான் அவர் சளி எங்களிடம் வந்தது. தகட்டில் கோல் தாராளமாக இருந்தது. காசநோய்க் கிருமியின் ஜீனைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட் கருவியோ அந்தக் கிருமி இல்லை என்றது. இந்த இரண்டும் முரண்படும்போது உடனே என்.டி.எம். பற்றி யோசிக்க வேண்டும். அத்தனை கோல் தெரிகிற சளியில் காசநோய்க் கிருமி இருந்திருந்தால் அந்தக் கருவி அதைத் தவறவிடுவது அபூர்வம். திரவக் கல்ச்சரில் வளர்ந்ததை எடுத்து எம்.பி.டி.64 அட்டையில் விட்டோம். காசநோய்க்கான கோடு விழவில்லை. பாரா நைட்ரோ பென்சாயிக் அமிலம் கலந்த எல்.ஜே.யில் காசநோய்க் கிருமி வளராது, இது வளர்ந்தது. பின்னர் ஸ்ட்ரிப் சோதனையில் இனம் தெரிந்தது: மைக்கோபாக்டீரியம் இன்ட்ராசெல்லுலாரே. அடுத்து எடுத்த சளியிலும் அதே.

ரிப்போர்ட் வாங்க மகனோடு அவரே வந்திருந்தார். என்ன கிருமி, எவ்வளவு மருந்து என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"பேத்தியத் தூக்கலாமாம்மா?"

இரண்டு வருடமாக அவருக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, அறை தனி. மகளுக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தம் இந்தப் பேச்சால் தட்டிப்போயிருந்தது. இந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இருமலில் தொற்றுவதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் உள்ளவர்களிடையே அப்சசஸ் என்ற ஒரு இனம் மட்டும் பரவக்கூடும் என்று இங்கிலாந்து ஆய்வு ஒன்று 2013-இல் காட்டியது. வீட்டில் பேத்தியைத் தூக்குவதற்கு அதனோடு தொடர்பே இல்லை. "தாராளமா தூக்குங்க டீச்சர்" என்றேன். அவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். நோயின் பெயரைத் தவறாகச் சொல்வது ஒரு குடும்பத்தை என்னவெல்லாம் செய்துவிடும் என்று அன்று நேரில் கண்டேன்.

இப்படிப்பட்ட பெண்களை மருத்துவ உலகம் கவனிக்கத் தொடங்கியதே தாமதமாகத்தான். 1989-இல் பிலடெல்பியா மருத்துவர்கள், முன்னோய் எதுவும் இல்லாமல், இன்ட்ராசெல்லுலாரேயும் அடங்கிய ஏவியம் வகைக் கிருமியால் நுரையீரல் பாதிக்கப்பட்ட 21 பேரைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலோர் வயதான பெண்கள். 1992-இல் வேறு இருவர், பெண்கள் நாகரிகம் கருதி இருமலை அடக்குவதால் நுரையீரலின் நடு மடலில் சளி தேங்கி நோய் வருகிறது என்று ஊகித்தார்கள். அந்த ஊகம் நிரூபிக்கப்படவே இல்லை. ஆனாலும் நோய்க்கான பழியை நோயாளியின் ஒழுக்கத்தின் மேல் போடுகிற வசதி இருந்ததால் அது பல காலம் ஓடியது. 2008-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தார் அளந்து பார்த்துச் சொன்னது எனக்கு நம்பத்தகுந்ததாகப் படுகிறது: இவர்கள் சராசரியை விட உயரம், எடை குறைவு, முதுகெலும்பு வளைவும் மார்பெலும்புக் குழிவும் அதிகம், இதயத்தின் மைட்ரல் வால்வு தளர்வும் அதிகம். பலரிடம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் ஜீனில் மாற்றம் இருந்தது. அவர்களுடைய நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரிய குறை எதுவும் தென்படவில்லை. ஆக, உடல்வாகோடும் மூச்சுக்குழாயின் துப்புரவோடும் தொடர்புள்ள காரியம் இது. தலைமையாசிரியையின் உயரத்தையும் முதுகையும் நான் மேலே குறிப்பிட்டது அதனால்தான்.

இன்னொருவர் ஒரு தச்சர். நாற்பதைக் கடந்தவர், திடகாத்திரமானவர், எந்தப் பழக்கமும் இல்லை. வலது நுரையீரலின் மேல்பகுதியில் குழி, சளியில் மூன்று பிளஸ், அதாவது தகடு நிறையக் கோல்கள். எக்ஸ்ரேயைப் பார்த்த எவரும் காசநோய் என்றுதான் சொல்வார்கள். மருந்தும் தொடங்கியாயிற்று. எல்.ஜே. சரிவில் வந்ததோ பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், வழவழப்பு. இருட்டிலேயே நிறம் கொண்டிருந்தது. இந்தக் கோலத்தில் எங்களுக்கு வழக்கமாக வருவது மைக்கோபாக்டீரியம் கார்டோனே. குழாய்த் தண்ணீரில் சர்வசாதாரணமாக இருப்பது, நோய் தருவது மிக அரிது. 'கார்டோனே, மாசு' என்று எழுதி முடித்துவிடலாம் என்றார்கள் இளையவர்கள்.

எங்கள் ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன், நாங்கள் அண்ணே என்று கூப்பிடுபவர், தகட்டை மறுபடி மைக்ராஸ்கோப்பில் வைக்கச் சொன்னார்.

"தண்ணியில வந்த பூச்சி மூணு பிளஸ் காட்டுமாப்பா? ரெண்டாவது புட்டியிலயும் அதே கலருதானே வந்திருக்கு?"

மாசாக நுழைவது ஒன்றிரண்டு கிருமி. அது கல்ச்சரில் வளர்ந்து பெருகலாம், ஆனால் நேரடித் தகட்டில் பார்க்கிற இடமெல்லாம் நிறைந்து நிற்காது. அப்படி நின்றால் அது நுரையீரலில் பெருகியது. அண்ணன் நான்கு புட்டிகளில் புதிதாக இடச் சொன்னார். இரண்டு 37 டிகிரிக்கு, இரண்டு 25 டிகிரிக்கு. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு அலுமினியத் தாள் சுற்றினோம். சென்னையில் அறை வெப்பம் 25-க்கு இறங்குவது மார்கழியில் சில இரவுகள்தான். ஆகவே பக்கத்துத் துறையில் குளிர்வசதி உள்ள பி.ஓ.டி. இன்குபேட்டரில் ஒரு தட்டு இடம் கேட்டு வாங்கினோம். வளர்ச்சி வந்தபின் திறந்து பார்த்தால், 37-இல் இருந்த இரண்டும் ஆரஞ்சு. 25-இல் தாள் சுற்றியிருந்தது மட்டும் நிறமின்றி மங்கலாக இருந்தது. அதன் மூடியைத் தளர்த்தினோம், காற்றில்லாமல் நிறம் ஏறாது. ஒரு மணி நேரம் விளக்கடியில் வைத்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தோம். மறுநாள் மஞ்சள்.

37-இல் இருட்டிலும் நிறம், 25-இல் வெளிச்சம் பட்டால் மட்டுமே நிறம். இப்படி இரண்டு குணம் காட்டுகிற மைக்கோபாக்டீரியம் சூல்காய். போலந்து நுண்ணுயிரியலாளர் சூல்காவைச் சிறப்பித்து 1972-இல் பெயரிடப்பட்டது. மிக அரிதாகவே கிடைக்கும். கிடைத்தால் பெரும்பாலும் அது நிஜமான நோய்தான். சுற்றுப்புறத்திலிருந்து அது வருவது அபூர்வம். ஜீன் வரிசை பார்த்ததிலும் அதுவே உறுதியானது. ரிஃபாம்பிசின், எத்தாம்பூட்டால், கிளாரித்ரோமைசின் என்று மருந்து மாறியது. குழி சுருங்கியது, சளி சுத்தமானது. அந்த ரிப்போர்ட் 'மாசு' என்று போயிருந்தால் தச்சர் மருந்தை நிறுத்தியிருப்பார். அண்ணன் ஓய்வுபெற்றுப் பல காலம் ஆகிறது. இன்றும் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது அவர் கேட்ட கேள்வியைத்தான்: தகட்டில் எத்தனை பிளஸ்?

வேகமாக வளரும் அப்சசஸ் இனம் வேறு வகைக் கஷ்டம். 1950-களின் தொடக்கத்தில் ஒருவரின் முழங்கால் கட்டியிலிருந்து முதலில் எடுக்கப்பட்டது அது. எல்.ஜே.யில் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். ஆனால் மருந்துகளுக்கு மசிவதில் இதைவிடக் கெட்ட கிருமி இந்தக் குடும்பத்தில் இல்லை. வங்கியில் வேலை பார்த்த ஓர் இளம்பெண்ணின் சளியில் இது வந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் கிளாரித்ரோமைசின் கேட்கும் என்று தெரிந்தது. இதில் அவசரப்பட்டு ரிப்போர்ட் கொடுக்கக் கூடாது. எர்ம் 41 என்ற ஜீன் அதனிடம் உண்டு; மருந்தைக் கண்ட பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். தட்டை 14 நாள் வைத்திருந்தோம். பதினான்காம் நாள் கிளாரித்ரோமைசின் கேட்கவில்லை. இமிபெனம், அமிகாசின் என்று நரம்பில் ஏற்றும் மருந்துகளோடு அந்தப் பெண் பட்ட பாடு பெரியது. மாசிலியென்ஸ் என்ற துணை இனமாக இருந்திருந்தால் அந்த ஜீன் முடமாகியிருக்கும், மருந்து கேட்டிருக்கும். ஆகவே இனத்தோடு துணை இனத்தையும் சொன்னால்தான் ஆய்வக ரிப்போர்ட் முழுமை.

மனத்தை விட்டு நீங்காத ஒரு விஷயம் உண்டு. காசநோய் மருந்துகள் பலவற்றுக்கும் என்.டி.எம். இயல்பிலேயே மசியாது. இனம் பார்க்காமல் மருந்துக் கூருணர்வுச் சோதனை மட்டும் செய்தால், எல்லா மருந்தையும் எதிர்க்கும் காசநோய்போல ரிப்போர்ட் வரும். அப்படி வேறோர் ஊரில் 'எம்.டி.ஆர்.', அதாவது பல மருந்துகளை எதிர்க்கும் காசநோய், என்று முத்திரை குத்தப்பட்ட ஒருவர், கனாமைசின் ஊசிகள் போட்டு முடித்து, இரு காதும் கேளாத நிலையில் வந்தார். அவரிடம் எழுதிக் காட்டித்தான் பேச வேண்டியிருந்தது. அவர் சளியில் இருந்தது மைக்கோபாக்டீரியம் ஏவியம். அந்த ஊசி இப்போது எம்.டி.ஆர். சிகிச்சையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அவருக்குக் காது திரும்பவில்லை.

இந்த நோயாளிகளின் சிகிச்சை நீளமானது. ஏவியம், இன்ட்ராசெல்லுலாரே என்றால் அசித்ரோமைசின், ரிஃபாம்பிசின், எத்தாம்பூட்டால். நோய் மிதமாக இருந்தால் வாரம் மூன்று நாள். சளி கல்ச்சரில் சுத்தமான நாளிலிருந்து ஒரு வருடம் தொடர வேண்டும். நடுவில் கண் பார்வையையும் ஈரலையும் கவனிக்க வேண்டும். நோய் மெதுவாக இருந்தால் மருந்தே தராமல் ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் முறையான சிகிச்சைதான். காசநோய் அல்ல என்பதால் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் இலவச மருந்தும் ஊட்டச்சத்துப் பணமும் இவர்களுக்குக் கிடையாது, செலவு கைக்காசுதான். அரசு இதைப் பரிசீலிக்க வேண்டும். திட்டத்தின் ஆய்வகங்களில் சிக்கிக்கொண்ட நோயாளிகள் இவர்கள். அந்தத் திட்டமே இவர்களுக்கு வழியும் காட்ட வேண்டும்.

குணமானவர்களுக்கும் மறுபடி வருவதுண்டு, பெரும்பாலும் புதிய கிருமியால். வீட்டுத் தண்ணீரைச் சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. 2009-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தார் அமெரிக்காவின் ஒன்பது நகரங்களில் ஷவர் தலைகளைச் சுரண்டி எடுத்துப் பார்த்தபோது, அவற்றின் உள்பக்கப் படலத்தில் மைக்கோபாக்டீரியா செறிந்திருந்தது. குளோரின் மற்ற கிருமிகளைக் கொன்றுவிடும். மெழுகு உறை உள்ள இவை தப்பிப் பிழைத்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை இந்நோய் வந்தவர்களுக்கு நான் சொல்வது, ஷவரை விட்டு வாளியில் மொண்டு குளியுங்கள், தொட்டி மண்ணைக் கிளறும்போது நனைத்துவிட்டு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள் என்பது. மற்றவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை.

படிக்கிறவர்களில் யாருக்காவது, அல்லது வீட்டில் எவருக்காவது, காசநோய் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டும் சளியில் கிருமி தெரிகிறது என்றால், இரண்டாம் சுற்று மருந்து தொடங்கும் முன் மருத்துவரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கல்ச்சர் செய்தீர்களா, கிருமியின் இனம் என்ன? சளி கொடுக்கும் காலையில் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்காமல், கொதிக்கவைத்து ஆறிய நீரில் கொப்பளியுங்கள். எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து வருவதை, தனித்தனி நாட்களில் கொடுங்கள். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. நம் ஊரில் சளியில் தெரியும் சிவப்புக் கோல் பெரும்பாலும் காசநோய்தான்; இல்லை என்று சொல்ல வேண்டியது கல்ச்சர்.